மூன்றாவது ரவுண்டு

பழைய சண்டை கேம்களை வீட்டு டிவியில் ஆடுகிறவர்கள் முதலில் டிவியின் செட்டிங்கில் போய் 'கேம் மோடு' என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்ய வேண்டும் ஐயா. பாதிப் பேருக்கு இது தெரியாது. செய்யாவிட்டால் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் கை நீள்வதற்கும் நடுவில் ஒரு சின்னத் தாமதம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலுக்குத் தெரியும். அந்தத் தாமதத்திலேயே ஒருவன் ஜெயிக்கிறான், இன்னொருவன் தோற்கிறான்.

நீங்கள் ஜோஷ்வாவைப் பற்றிக் கேட்டீர்கள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பழவேற்காட்டில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் என் மாமனார் தானியேல் அந்தக் காலத்தில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். அப்போது அவர் மாமனார் இல்லை, கடைக்காரர். இரண்டு பெட்டிகள். ஒன்று எப்போதும் ரிப்பேர், மற்றதில் சண்டை கேம். நானும் ஜோஷ்வாவும் பள்ளிக்கூடம் விட்டால் தோணிரேவில் இருக்கிற வீட்டுக்குப் போகாமல் நேராக அங்கேதான் போவோம். அதில் சண்டை போடுகிற ஆட்களின் பெயர் இங்கிலீஷில் ஓடும். எங்களுக்கு அது எதற்கு? தாடி வைத்தவன் வாத்தியார், படகு முதலாளி மாதிரி இருந்த தொப்பைக்காரன் சம்மாட்டி. நான் எப்போதும் வாத்தியார், ஜோஷ்வா எப்போதும் சம்மாட்டி. முதல் இரண்டு ரவுண்டில் ஆளுக்கு ஒன்று வரும். மூன்றாவது ரவுண்டு எனக்கு வரும். பெரும்பாலும் திரையின் மேலே காட்டுகிற என் ஆளின் ரத்தம் ஒரு கோடு அளவுக்கு மிச்சம் இருக்கும்போது ஜெயிப்பேன். சுற்றி நிற்கிறவர்கள் என் தோளைக் குலுக்குவார்கள். எனக்குச் 'சாம்பியன்' என்று பெயர் வந்தது அப்படித்தான். இன்றைக்கும் மீனுக்கு ஐஸ் எடுக்கப் போனால் அங்கே அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

அவர் மகள் பிரின்சி அந்தக் கடையில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பாள். நான் சாம்பியன் என்பதால்தான் என்னைக் கட்டிக்கொண்டாள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் என்னிடம் முதன்முதலில் வாயைத் திறந்து பேசியது நான் ஜெயித்த ஒரு நாளில்தான்.

சுனாமிக்குப் பிறகு கடையை எடுத்துவிட்டார்கள். நாங்கள் தொழிலுக்குப் போனோம். ஜோஷ்வா சில வருடம் பஹ்ரைனில் மீன்பிடி லாஞ்சில் இருந்துவிட்டுப் போன கிறிஸ்துமஸுக்கு ஒரேயடியாக ஊருக்கு வந்தான். வரும்போது ஒரு கேம் பெட்டியும் பெரிய டிவியும் கொண்டுவந்தான். பழைய சண்டை கேம்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்கிறார்கள் ஐயா, அதையும் வாங்கியிருந்தான். முதலில் எங்கள் வீட்டுக்கு வந்துதான் சொன்னான்.

"டேய் சாம்பியன், நம்ம கேமு அப்டியே கீதுடா. வாத்தியார் தாடி கூட அதே தாடி. வந்து பாரு."

நியாயமாகச் சொல்கிறேன், அந்தத் தொகுப்பை நன்றாகவே செய்திருக்கிறார்கள். பழைய பெட்டியின் திரை சதுரமாக இருக்கும். இந்த டிவி நீளம். அதற்காகப் படத்தை இழுத்து எல்லோரையும் குண்டாக்காமல், இரண்டு பக்கமும் படம் வரைந்த பலகை மாதிரி ஒன்றை வைத்து நடுவில் சரியான அளவில் காட்டுகிறார்கள். பழைய திரையில் குறுக்கே மெல்லிய கோடுகள் ஓடுமே, அது வேண்டுமென்றால் அதையும் கொண்டுவரலாம். என்னைக் கேட்டால் அது வேண்டும். கோடு இல்லாமல் பார்த்தால் வாத்தியாரின் முகம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, அடையாளம் தெரியாத ஆள் மாதிரி. சத்தம் அப்படியே இருக்கிறது. டோக்கனுக்குப் பதில் ஒரு பட்டன், எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தலாம். இது எனக்குப் பிடிக்கவில்லை. தோற்றால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும் என்கிற பயம் இருந்தால்தான் கை ஒழுங்காக ஆடும். பயிற்சி செய்வதற்கென்று தனி இடம் வைத்திருக்கிறார்கள். ஆடிய ஆட்டத்தைச் சேமித்துத் திரும்பவும் ஓட்டிப் பார்க்கலாம். அது தேவையில்லாத வசதி.

குறை என்றால் கையில் பிடிக்கிற பேடுதான். பெட்டியில் இருந்த குச்சியை முழு மணிக்கட்டால் சுழற்றுவோம். பேடில் கட்டைவிரலால் தேய்க்க வேண்டியிருக்கிறது. கூடவே நான் சொன்ன தாமதம்.

முதல் நாள் ஜோஷ்வா வீட்டில் ஆடியபோது நான் தோற்றேன். மறுநாளும் தோற்றேன். பிறகு தினமும் தொழில் முடிந்து சாயங்காலம் அங்கே போவோம். பிரின்சியும் வருவாள், அக்கம்பக்கத்தார் வருவார்கள், ஜோஷ்வாவின் மச்சான் விக்கி டீ போட்டுக் கொடுப்பான். நல்ல பையன், புதிதாகக் கல்யாணம் ஆனவன். எல்லார் எதிரிலும் தோற்றேன். நான் டிவியைச் சொன்னேன், கேம் மோடை ஆன் செய்தோம். பேடைச் சொன்னேன், பேடை மாற்றிக்கொண்டோம். உட்காருகிற பக்கத்தையும் மாற்றிக்கொண்டோம். "சாம்பியன்" என்று இப்போது கூப்பிடும்போது பின்னாலேயே ஒரு சிரிப்பும் வந்தது. பிரின்சியும் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஜோஷ்வா.

பொறாமை என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அவன் டிவி மேல் பொறாமை, அவன் கட்டைவிரல் மேல் பொறாமை. அவன் வீட்டு வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளின் கூட்டத்தைப் பார்த்தால்கூட எனக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் சாயங்காலம் அவன் சாக்கில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். பிரித்துப் பார்த்தால் பழைய பெட்டியின் பலகை. அதே சிவப்பு உருண்டை வைத்த குச்சி, அதே பட்டன்கள், பீடி சுட்ட தழும்பு உட்பட. என் மாமனார் வீட்டுப் பரணிலிருந்து கேட்டு வாங்கி, சென்னைக்கு எடுத்துப்போய், கேம் பெட்டியோடு வேலை செய்கிற மாதிரி ஒயர் மாற்றிக் கொண்டுவந்திருக்கிறான்.

"இன்னாடா பாக்குற. பேடுல உனுக்கு வரல, அவ்ளோதான். இத வச்சி ஆடு. உன்னுது."

மனசாரச் செய்தான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவன் என்னைக் கேலி செய்திருந்தால் நான் இன்று உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தக் குச்சியைப் பிடித்து ஆடினேன். முதல் ரவுண்டு அவனுக்கு. இரண்டாவது எனக்கு. மூன்றாவதில் என் ரத்தம் ஒரு கோடு அளவுக்கு வந்துவிட்டது. அப்போது சம்மாட்டி நின்றான். ஓர் அடி முன்னால் வந்து, அடிக்காமல், சும்மா நின்றான். நான் அடித்தேன், விழுந்தான். எல்லாரும் கைதட்டினார்கள். ஜோஷ்வா என் தோளைக் குலுக்கினான்.

வீட்டுக்கு வந்ததும் பிரின்சியிடம் கேட்டேன், பார்த்தாயா என்று. அவள் மறுநாள் சந்தைக்கு நண்டுக் கால்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"பாத்தேன் பாத்தேன். ஜோஷ்வா அண்ணன் அப்ப மாரியே தான் கீது. மூணாவது ரவுண்டு உனுக்குன்னு விட்ரும்."

"அப்ப மாரின்னா?"

"கடையில தான். எங்க நைனா கூட சொல்லுவாரே, அந்தப் பையன் பாவம்பா, கூட்டாளி மூஞ்சி தொங்கிடும்னு நின்னுக்குறான்னு. உனுக்குத் தெரியாதா இன்னா?"

தெரியும் என்று சொன்னேன். பிறகு சாப்பிட்டோம். வஞ்சிரம் குழம்பு.

ஐயா, ஒருவன் படகை எடுத்துக்கொண்டால் வேறு படகு வாங்கலாம். வலையை அறுத்தால் தைக்கலாம். நான் ஜெயித்த ஆட்டம் ஒவ்வொன்றும் அவன் கொடுத்தது என்றால், அந்தக் கடையில் நின்ற நான் யார்? பிரின்சி முதன்முதலில் யாரிடம் பேசினாள்? இதை எங்கே போய்த் திரும்ப வாங்குவது?

கோயில் திருவிழாவுக்கு இளைஞர்கள் அந்தக் கேமில் ஒரு போட்டி வைத்தார்கள். சனிக்கிழமை மத்தியானம், பங்கு மண்டபத்தில், பெரிய திரையில். கடைசி ஆட்டம் எனக்கும் அவனுக்கும் என்று முன்பே முடிவாகியிருந்தது. எத்தனையோ பேர் வருவார்கள். அன்றைக்கு அவன் ஜெயித்தாலும் எனக்குத் தோல்வி, விட்டுக்கொடுத்தாலும் தோல்வி. இதை நான் நிதானமாகத்தான் யோசித்தேன், கோபத்தில் அல்ல.

அந்த வாரம் கழி நடுகிற முறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. உங்களுக்கு இது புதிதாக இருக்கும், விளக்குகிறேன். முகத்துவாரத்தில் மணல் ஓர் இடத்தில் நிற்காது. நேற்று ஆழமாக இருந்த இடத்தில் இன்று முழங்கால் தண்ணீர்தான் இருக்கும். அதனால் வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை. முறைக்காரன் விடிவதற்கு முன் இறங்கிக் காலால் ஆழம் பார்த்து, துணி கட்டிய கழி இரண்டு நடுவான். படகுகள் அந்த இரண்டுக்கும் நடுவில் போகும், நடுவில் வரும். அந்தக் கழியை வேறு யாரும் தொட மாட்டார்கள், சந்தேகப்படவும் மாட்டார்கள். வெளியே போகிறவனுக்கு அலை உடைவது கண்ணுக்குத் தெரியும். கடலிலிருந்து வருகிறவனுக்கு அலையின் முதுகுதான் தெரியும். அவனுக்குக் கழிதான் கண்.

சனிக்கிழமை படகுகள் எல்லாம் சரியான கழி வழியாகத்தான் போயின. ஜோஷ்வா போகும்போதே என்னிடம் சொல்லிவிட்டுப் போனான், போட்டி இருப்பதால் வலையைச் சீக்கிரம் இழுத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவேன் என்று. படகுகள் கண்ணுக்கு மறைந்த பிறகு நான் இரண்டு கழியையும் பிடுங்கி, தெற்கே மணல் திட்டு எழும்பியிருந்த இடத்தில் நட்டேன். துணியை இறுக்கிக் கட்டினேன்.

அவன் சொன்னபடியே முதலில் வந்தான். படகு திட்டில் தட்டியது, பின்னால் வந்த அலை அதைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்தது. ஜோஷ்வா வலைக்குள் மாட்டிக்கொண்டான். அன்றைக்கு விக்கியும் கூடப் போயிருந்தது எனக்கு முன்பே தெரியாது. படகு கிட்டே வந்தபோதுதான் இரண்டு தலைகளைப் பார்த்தேன். இரண்டு பேரும் பிழைக்கவில்லை. விக்கி மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

உடனே நான் இறங்கிக் கழிகளைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே நட்டேன். மற்றவர்கள் பத்திரமாக வர வேண்டுமே. முறையை நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகுதான் கத்தி ஆட்களைக் கூப்பிட்டேன்.

அடக்கத்தில் முதல் ஆளாக நின்று ஜோஷ்வாவின் சவப்பெட்டியைத் தூக்கினேன். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. நீங்களும் தேடி வரவில்லை, நானேதான் ஸ்டேஷனுக்கு வந்தேன். ஏன் என்று கேட்டீர்கள். ஊரில் எல்லாரும் "கடல் கொண்டுகினு போய்ட்ச்சி" என்கிறார்கள். ஒப்பாரியிலும் அதுதான், சாமியார் பிரசங்கத்திலும் அதுதான். கேட்கக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. கடல் அன்றைக்கு என்ன செய்தது? சும்மா கிடந்தது. எல்லாம் நான் செய்தது.

ஜோஷ்வாவைப் பற்றிப் பிரின்சி வேறு ஒன்று சொல்கிறாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களிடம் சொன்னாள், "தண்ணி நிறத்தப் பாத்தே ஆழம் சொல்ற ஆளு. அதுக்குத் தெரியாம போயிருக்குமா?" என்று. அதனால்தான் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்குத் திட்டுக்குக் கடல் பக்கத்தில் வந்ததும் ஜோஷ்வா இன்ஜினைத் தணித்தான். எழுந்து நின்று தண்ணீரைப் பார்த்தான், கழியைப் பார்த்தான். பிறகு கரையில் நின்ற என்னைப் பார்த்தான். சந்தேகம் வந்தால் முறைக்காரனைப் பார்ப்பதுதான் வழக்கம், அவன் கையைத் தூக்கினால் வரலாம் என்று அர்த்தம். நான் தூக்கினேன். அப்போதும் அவன் வரவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையை இறக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் உட்கார்ந்து, படகைத் திருப்பாமல், நேராக வந்தான்.

தெரிந்தேதான் வந்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் ஐயா. இது அவன் விட்டுக்கொடுத்தது இல்லை, நான் ஜெயித்தது.