பக்கத்து இருக்கைக்கு ஒரு ஆள்

"ஹலோ... ஹலோ, வாத்தி? கேக்குதா? ... ஆங், நான்தான். ... ஆமா, ஆமா, கார்லதான் உக்காந்திருக்கேன். ... எங்கயும் போகல, ஷெட்டுக்குள்ளதான். வெயில் மூஞ்சில அடிக்குதுன்னு ஷட்டரப் பாதி இறக்கி விட்டிருக்கேன். ... சொல்றேன், சொல்றேன், அதுக்குத்தான் கூப்பிட்டேன். ரேஸுக்கு என்ட்ரி இன்னிக்கு சாயங்காலத்தோட மூடுறாங்க. உன் லைசென்ஸ் நம்பர மட்டும் சொல்லு, நான் போட்டு விட்டுடுறேன்."

மறுமுனை உடனே பதில் சொல்லவில்லை. லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. வாத்தியார் எதையும் யோசித்துத்தான் சொல்வார். பள்ளியில் கணக்கு நடத்துகிறவர். விடுமுறை நாட்களில் மெக்கானிக்கின் காரில் பக்கத்து இருக்கைக்காரர். மண்பாதைகளில் ஒவ்வொரு காராகக் கிளப்பிவிட்டு, யார் சீக்கிரம் போய்ச் சேருகிறார்கள் என்று பார்க்கும் பந்தயம். மெக்கானிக் ஓட்டுவான். அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கடுமை என்பதை ஒரு எண்ணாக வாத்தியார் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் மைக்கில் சொல்லிக்கொண்டே வருவார். இரண்டு பேர் இல்லாமல் யாரையும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டால் இவர்கள் இருவருக்கும் பேச அதிகம் இருந்ததில்லை. பந்தயம் முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் சும்மாவே வருவார்கள். அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

"என்ன, சத்தத்தையே காணோம்? ... இன்னும் புதுப்பிக்கலயா? ... தெரியும், அதுக்கும் ஏத்திட்டாங்க. எதுக்குத்தான் ஏத்தல? போன வருஷமாவது மதியத்துக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் குடுத்தாங்க. இப்ப கட்டணம் ரெண்டு மடங்கு, பொட்டலமும் கிடையாது. ... இரு, இன்னும் இருக்கு, கேளு. டயர் அவங்க சொல்ற கம்பெனிதானாம். அதுலயும் அவங்க முத்திர குத்தினதுதானாம். நம்ம டயர்ல இனிமே பூச்செடிதான் வளக்கணும். ... ஆமா, ஆமா, சீட் பெல்ட்டும்தான். தேதி முடிஞ்சிடுச்சாம். ஒரு தடவகூட இழுபடாத பெல்ட்டு. நேத்து வரைக்கும் உசுரக் காப்பாத்தும், இன்னிக்குக் காப்பாத்தாது, பால் பாக்கெட்டு மாதிரி! ... அப்புறம் ஜட்டி! சிரிக்காத, நெசமாத்தான். அதுவும் தீப்பிடிக்காத துணியில இருக்கணுமாம், சோதிச்சுப் பாப்பாங்களாம். யாரு வந்து, எப்படி சோதிப்பாங்கன்னு கேட்டேன். போன வச்சுட்டான்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சிரிப்பு கொஞ்சம் பெரிதாகவே கேட்டது. நிறுத்திக்கொண்டான்.

"அத விடு, நான் சமாளிச்சுட்டேன். ... எப்படின்னா... ஞாயித்துக்கிழமையும் லிஃப்ட் பாக்கப் போனேன். எந்தக் கட்டடத்துல கூப்பிட்டாலும் போனேன். ... ஓய்வெடுத்து என்ன பண்ணப் போறேன், வாத்தி? என் வீட்டுக்காரி பொண்ணு வீட்டோடயே தங்கிட்டா. போன் பண்ணா பேரன் கையில குடுத்துட்டுப் போயிடுறா. அவன் ஏதோ எச்சில் தெறிக்கப் பேசறான், நானும் பேசறேன். ... சேச்சே, சண்டயெல்லாம் இல்ல. சண்ட போடறதுக்கும் வீட்டுல இன்னொரு ஆள் வேணுமே."

ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டான். 

"இங்க பாரு, உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு இருந்தேன், வந்து நீயே பாக்கட்டும்னு. ஆனா வாய் நிக்கல. கார் சீட்டும் செல்லாதுன்னுட்டாங்கல்ல? வாங்கிட்டேன். ... ரெண்டும். என்னுது யாரோ உக்காந்து கழிச்சது, தேதி இன்னும் இருக்கு. உன்னுது புத்தம் புதுசு! பிளாஸ்டிக் கவரு கூடப் பிரிக்கல. ... என்ன வாத்தி, பேச்ச காணோம்? ... அளவா? எப்படித் தெரியுமா? சட்ட மாதிரி இதுக்கும் சைஸ் இருக்கு. லூசா இருந்தா உள்ள நீ உருளுவ, உருண்டா குரல் ஆடும். அதனால உன் வீட்டுல தங்கச்சிக்குப் போன் போட்டேன், அவர் பேன்ட்டு சைஸ் என்னம்மான்னு. ... அவ சொல்லலயா உன்கிட்ட? ரொம்ப நேரம் தயங்கினா பாவம். வெளிய சொல்ற சைஸ் இல்ல போலன்னு நான் நெனச்சுக்கிட்டேன்."

வாத்தியார் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் டர்ர்ரென்று ஒரு சத்தம் கேட்டு நின்றது.

"என்ன அது? ... இல்ல, உனக்குப் பின்னால. ... ஸ்பெஷல் கிளாஸா? சரி, சரி. ... ம். இப்ப மறுபடியும் கேட்டுச்சு. ... வாத்தி. அது வீலு கழட்டுற கன்னு. கணக்குக் கிளாஸ்ல யாரு சக்கரம் கழட்டுறா?"

அவன் குனிந்து வெளியே பார்த்தான். ஷட்டருக்கு அடியில் தெருவின் ஒரு கீற்று தெரிந்தது. யாருடைய செருப்புகளோ கடந்து போயின. தங்கச்சி ஏன் தயங்கினாள் என்பது இப்போது புரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் சீட்டு வாங்கியிருக்க மாட்டான். சொல்ல மனம் வராமல்தான் அவளும் அளவைச் சொல்லியிருக்கிறாள்.

"யாரு கூட? ... டைல்ஸ் கடைக்காரர் பையனா. ... நல்ல பையன். ஸ்டியரிங்ல கை சுத்தமா இருக்கும். பிரேக்குதான் கொஞ்சம் பயந்து பயந்து புடிப்பான், பழகிடும். ... ம். ... எல்லாமே அவங்களே தர்றாங்களா. ஹெல்மெட்டு, டிரெஸ்ஸு... ம். அதுக்கு மேல கையில காசும் குடுக்கிறாங்க. ம். ... இல்ல, கோவமெல்லாம் இல்ல. ... குட்டிய காலேஜ்ல சேக்கணும், எனக்குத் தெரியாதா? என்ன மாமான்னு கூப்பிடுற பொண்ணு. ... இல்ல, வாத்தி. ... நீ என்ன தப்பு பண்ண? சொல்லலங்கிறது ஒண்ணுதான். ... புரியுது. சொல்றது கஷ்டம்தான். ... ம்."

பிறகு அவன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"என்னது? ... அவங்ககிட்ட வரலன்னு சொல்லிடறியா? ... இப்பவேவா?"

போனைக் காதிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டான். 'ம்' என்று ஒரு சொல் போதும். வாத்தியார் வந்துவிடுவார், அவருக்குத் தெரியும், இவனுக்கும் தெரியும். வந்து இந்தப் புது இருக்கையில் உட்கார்ந்து, லைசென்ஸுக்கும் உள்ளாடைக்கும் தன் கையிலிருந்து பணம் எடுத்து வைப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். வளைவுகளை மட்டும் சொல்லிக்கொண்டு வருவார். இரண்டு தரம் அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்தது.

போனை மறுபடி காதில் வைத்தபோது குரலைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"ஹலோ... இருக்கேன், இருக்கேன். டேய், அதெல்லாம் பண்ணிடாத. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் நானும் இவ்வளவு நேரம் சுத்தி வளைச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கும் ஒரு ஆள் கெடச்சிருக்காரு. ... ஆமா. ... பின்ன? நெசமாத்தான். ... நம்பர் ஏன் கேட்டேன்னா, முதல்ல உன்ன கேக்க வேணாமா? உன்ன விட்டுட்டு இன்னொருத்தர நேரா உக்கார வச்சா நல்லாவா இருக்கும்? ... சீட்டு அவருக்கும் சரியா இருக்கு. உன்ன மாதிரியே தொப்பை. ... எங்க லிஃப்ட் கம்பெனிதான். புதுசா மாத்தலாகி வந்திருக்காரு, கேஷியர். ... அமைதியான ஆளு. தானா வாயத் திறக்க மாட்டாரு."

அப்படி ஒரு கேஷியர் கிடையாது. ஆனால் சொல்லச் சொல்ல அந்த மனிதருக்கு உடம்பும் தொப்பையும் வந்துவிட்டன. மறுமுனையில் வாத்தியார் பெருமூச்சு விட்டது இவன் காதில் காற்றாக அடித்தது. அதற்குப் பிறகு அவர் குரலே மாறியிருக்க வேண்டும். மெக்கானிக் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டான்.

"அவருக்கா? என்ன சொல்லணும்? ... இரு, எழுதிக்கிறேன். ... பேனா இருக்கு, சொல்லு."

பேனா இல்லை. கண்ணாடிக்குக் கீழே படிந்திருந்த தூசியில் விரலை வைத்துக்கொண்டான்.

"ம். ... ஒரு வளைவு சொல்லும்போதே அதுக்கு அடுத்ததையும் சேத்துச் சொல்லணும். ம். ... நான் தல ஆட்டுவேனா? எப்ப? ... சொன்னது காதுல விழுந்தா லேசா ஆட்டுவேனா? ஹெல்மெட்டுக்குள்ளயா! எனக்கே தெரியாதே. ... ஆட்டலன்னா மறுபடி சொல்லணும். ... கத்தக்கூடாது. சரி. கத்துனா இன்னும் மிதிப்பேன். ஆமா, அது உண்மதான். ... ம். ... மேட்டுல ஏறி வண்டி தரைய விட்டா மூச்ச அடக்கிக்குவேன், அப்ப என்ன சொன்னாலும் ஏறாது. எறங்கினப்புறம்தான் சொல்லணும். ... ம், எழுதிக்கிட்டேன். ... இடது வளைவா? ... ஆமா, அன்னிக்குக் கார் கவுந்ததுல இருந்து கொஞ்சம்... தெரிஞ்சுடுச்சா உனக்கு? ... 'இடது மூணு'ன்னு மட்டும் சொன்னா நான் முன்னாடியே பிரேக் புடிச்சிடுவேன். அதனால 'இடது மூணு, நம்பு'ன்னு சொல்லணும். ... ஆமா, நீ 'நம்பு'ன்னு சொல்லுவ. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு இருந்தேன். ... நீயா சேத்துக்கிட்டதா? ... இத்தன வருஷமாவா? ... ம்."

விரல் தூசியில் அதே இடத்தில் நின்றது. யாருக்காகவோ சொல்கிற மாதிரி, வாத்தியார் இவனைப் பற்றி இன்னும் என்னென்னவோ சொல்லிக்கொண்டு போனார். அவனோடு கூட இருந்தவர்களில் ஒருவரும் அவனை இப்படிப் பார்த்து வைத்திருந்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை. குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"... அவர்கிட்டயே குடுக்கவா? இப்பவா? ... அவர் இங்க இல்லடா. வெளிய போயிருக்காரு, டீ வாங்க. ... ஆமா, ரெண்டு டீதான். ... வர நேரமாகும், கடை தூரம். ... சொல்லிடறேன், எல்லாத்தையும் சொல்லிடறேன். ... உன்ன யாரோ கூப்பிடுறாங்க போல. போ, பையன் காத்திருக்கான். ... என்ன, இன்னும் ஒண்ணா? ... ம். ... கொடி தாண்டினதும் 'முடிஞ்சது'ன்னு சொல்லணும். ... ஆமா. சொல்லலன்னா நான் கால எடுக்க மாட்டேன். ... எப்படிச் சொல்லணும்? சத்தமாவா, மெதுவாவா? ... இல்லடா, எனக்குத் தெரியல. கேட்டுக்கிட்டு இருந்தேனே தவிர, நீ எப்படிச் சொல்றன்னு கவனிச்சதே இல்ல. ... ஒரு தடவ நீயே சொல்லிடேன். அவர்கிட்ட அப்படியே சொல்லிடறேன். ... ஆமா, இப்பதான். ... சும்மா சொல்லு, யாரும் கேட்டா கேக்கட்டும்."

மறுமுனையில் சக்கரம் கழற்றும் சத்தம் நின்றிருந்தது. மெக்கானிக் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே ஷெட்டின் சுவர்தான் இருந்தது. வலது கால், எப்போது போய் மிதித்ததோ, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது.

"... ம்."

தலையை லேசாக ஆட்டினான். காலை எடுத்தான். லைன் போயிருந்தது.