கையில் நின்ற மீன்

ஸ்பே ஆற்றில் தூண்டில் போடுகிறவர்களில் பொய் சொல்லாத ஒரே மனிதன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் கரையில் எவனைக் கேட்டாலும் ஒரே பல்லவிதான்: "இம்மாம் பெரிய மீனுப்பா. கைக்கு வந்துச்சு, வழுக்கிடுச்சு." அந்தச் சொல் என் வாயில் வந்ததே இல்லை. மீன் தப்பினால், அது என்னைவிடக் கெட்டிக்கார மீன் என்று சொல்லிவிடுவேன்.

போன இலையுதிர்காலத்தில் ஒரு சால்மன் பிடித்தேன். முட்டையிட ஆறேறும் பருவத்தில் சால்மன் வெள்ளி நிறம் போய்ச் செம்பாகிவிடும். பார்ப்பதற்கு டிரவுட் என்கிற சாதாரண ஆற்றுமீன் பெருத்துப்போன மாதிரி இருக்கும். அதற்கொரு சோதனை உண்டு. வாலடியைப் பிடித்துத் தூக்கினால் சால்மன் கையில் நிற்கும், டிரவுட் நழுவிவிடும். என்னுடையது நின்றது. அந்தப் பருவத்தில் மீனை ஆற்றிலேயே விடுவது முறை, விட்டேன். பார்த்த ஒரே சாட்சி டூகல். என் நண்பன். நண்பன் என்று எனக்கு இருந்ததும் அவன் ஒருவன்தான்.

அன்று மாலை மதுக்கடையில் அவன் சொன்னான்: "சால்மனா? யப்பா, அது கொழுத்த டிரவுட்டு. இவன் அதுக்கு முத்தம் குடுக்காத குறைதான்."

கடையே சிரித்தது. அன்றிலிருந்து கடைக்காரி ஷீனா என்னிடம், "வா டிரவுட்டு, என்ன குடிக்கிற?" என்றுதான் கேட்டாள்.

"தமாசுக்குத்தாண்டா. அடுத்த வாரமே மறந்துருவானுங்க" என்றான் டூகல்.

குளிர்காலம் போனது, கோடையும் போனது. யாரும் மறக்கவில்லை. ஜன்னலோர மேஜையில் தனியாக உட்காரப் பழகிக்கொண்டேன். ஆற்றுக்கு மட்டும் அவனோடுதான் போனேன். வேறு யாரோடு போவது?

இந்த அக்டோபரில் மலையில் நல்ல மழை. ஆறு கடுங்காப்பி நிறத்தில் ஓடியது. டூகல் இடுப்பளவு நீரில் நின்றான். நான் அவனுக்கு மேல்புறம். திடீரென்று இலைகள் கும்பல் கும்பலாக மிதந்து வந்தன. கரையில் கிடக்கும் சருகை ஆறு அள்ளத் தொடங்கினால் வெள்ளம் ஏறுகிறது என்று பொருள். மேலே நிற்பவன் "இலை" என்று குரல் கொடுக்க வேண்டும். அது சட்டமில்லை, மரியாதை. நான் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிர்ச் இலைகள். நல்ல மஞ்சள்.

வெள்ளம் அவன் காலை வாரி இழுத்துக்கொண்டு போனதும் கரையோரமாகக் கீழே நடந்தேன். ஈரக் கரையில் ஓடுவது ஆபத்து. ஒரு வேரைப் பற்றித் தொங்கிக்கொண்டிருந்தான். குனிந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இழுடா ஈவன்!"

"அது சால்மன்தானே?" என்று கேட்டேன்.

"என்னது? ஆமாண்டா, சால்மன்தான், சால்மன்தான். இழுடா!"

ஓராண்டாகக் காத்திருந்த சொல். நீங்களே நியாயமாக யோசித்துப் பாருங்கள். கரையேறி, உடை மாற்றி, ஒரு விஸ்கி உள்ளே போனதும் மாற்றிச் சொல்லியிருப்பான். அவனை எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லிவிட்ட நிலையிலேயே அவனை விட்டுவைப்பதுதான் சரி என்று பட்டது. மணிக்கட்டு கையில் நன்றாகவே நின்றது. மீனை விடும்போது திறப்பதுபோல, மெதுவாக விரல்களைத் திறந்தேன்.

மாலையில் மதுக்கடைக்குப் போனேன். அவனைத் தேட வந்தவர்களிடம் நான் சொன்ன சேதி எனக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. எல்லோரும் கோப்பைகளோடு ஜன்னலோரத்துக்கு, என் மேஜைக்கு வந்தார்கள். ஷீனா கேட்காமலே சூப் கொண்டுவந்து வைத்தாள். ஓராண்டுக்குப் பிறகு என் பெயரைச் சொன்னாள்.

"ஈவன், அவன் கைய எட்டிப் பிடிச்சியாமே?"

"பிடிச்சேன்."

"அப்புறம்?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரு முகத்திலும் சிரிப்பில்லை.

"கைக்கு வந்துச்சு" என்றேன். "வழுக்கிடுச்சு."