இடது சக்கரத்துக் குமிழ்

நடுச்சாமம் தாண்டியிருக்கும். மலைப்பாதை. விளக்கு கிடையாது, ஆள் கிடையாது... மழை மட்டும். என் நண்பனின் சித்தப்பா ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னால் சித்தியின் மடியில் மகள். மூச்சு இழுப்பு. ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம்.

சித்தப்பா மெக்கானிக். சித்தியைவிட அந்த ஜீப்பைத்தான் அதிகம் தடவிக் கொடுப்பார் என்று வீட்டில் கிண்டல். அந்த மாடலுக்கு ஒரு சரித்திரம் உண்டு... ஏய், கொட்டாவி விடாதே, விஷயமே அதில்தான் இருக்கிறது. முதலில் போருக்காகச் செய்தார்கள். கதவே கிடையாது. பிறகு காட்டுவேலைக்கு வந்தபோது பின்னால் கான்வாஸ் கூரை போட்டார்கள். முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்க வேண்டுமென்றால் கீழே இறங்கி, சக்கரத்தின் நடுவிலுள்ள குமிழைக் கையால் திருப்ப வேண்டும். கடைசியாக வந்த வண்டிகளில் உள்ளேயே லிவர் வைத்தார்கள், இறங்கவே வேண்டாம்.

சித்தப்பாவின் ஜீப்பிலும் லிவர்தான் இருந்தது. மனுஷன் சும்மா இருந்தாரா? அசல் மாடல் அசலாகவே இருக்க வேண்டும் என்று அதைப் பிடுங்கிப் போட்டார். பழைய இரும்புக் கடையில் அதே மாடல் ஜீப் ஒன்று நசுங்கிக் கிடந்தது. அதிலிருந்து குமிழ்களைக் கழற்றி மாட்டினார். அது எப்படி நசுங்கியது என்று கேட்கவில்லை.

ஓடை குறுக்கே வந்தது. சேறு. சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. குழந்தையின் இழுப்பு விசில் போலக் கேட்டது.

இறங்கி வலது குமிழைத் திருப்பினார். பூட்டு விழுந்தது. இடதுதான் அடம். வண்டியை லேசாக அசைத்தால்தான் பூட்டு விழும்... அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

"நீ இறங்கித் திருப்பு. நான் அசைக்கிறேன்."

"பாப்பாவ பாத்துக்கங்க," என்று சித்தி இறங்கினாள்.

டக்.

வண்டி பாய்ந்தது. சேற்றில் நின்றால் மறுபடி புதையும். மேட்டில் ஏறித்தான் நிறுத்தினார். பின்னால் கான்வாஸ் விலகியது. ஸ்பிரிங் அமுங்கியது. ஈர மண் வாடை... துரு வாடை.

"ஏறிட்டியா?"

தகரத்தில் இரண்டு தட்டு. கிளம்பினார்.

கொஞ்ச தூரத்தில் இழுப்புச் சத்தம் நின்றுவிட்டது. "பாப்பா!" என்று கத்தினார். முதுகைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் மட்டும்... மெதுவாக, விடாமல். மிதி மிதியென்று மிதித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் கான்வாஸைத் தூக்கினார். குழந்தை சீராக மூச்சுவிட்டபடி உட்கார்ந்திருந்தது. தனியாக. பக்கத்து இருக்கையில் சேற்றுத் தண்ணீர் சொட்டியது.

சித்தி இல்லை.

குழந்தையை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு, பைத்தியம் பிடித்தவர் போல ஜீப்புக்கு ஓடினார். கேட்டைத் தாண்டி எதிரே வந்தாள் சித்தி. முழங்கால்வரை சேறு.

"என்னங்க, என்னை மட்டும் கேட்டுலயே இறக்கிவிட்டுட்டு பாப்பாவோட போய்ட்டீங்க? வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல..."

அவளுக்குப் பின்னால் ரோடு காலியாகக் கிடந்தது.

உள்ளே நர்ஸின் தோளில் மகளைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ நான் ஏறி வந்த ஜீப்புல என் மடியில இருந்தது யாரு? ஐயோ, ஐஸா இருந்தாளே... மூச்சே இல்லன்னு நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அழுதுட்டே வந்தேன். இறங்கும்போதுதான் கண்ணத் திறந்து, 'நீ எங்க அம்மா இல்ல'ன்னா."