ஓடச் சொன்னேன்

கோபத்தோடு கடைக்குள் வருகிறவரை முதலில் உட்கார வைக்க வேண்டும். நின்றுகொண்டு கத்துவது சுலபம். உட்கார்ந்துகொண்டு கத்துவது கஷ்டம். அதற்காகவே கல்லாப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறேன். அதன் ஒரு கால் சற்றுக் குட்டை. உட்காருகிறவருக்குப் பாதிக் கவனம் விழாமல் இருப்பதிலேயே போய்விடும்.

நீங்களும் உட்காருங்கள் ஐயா. நின்றபடி எழுதினால் கை வலிக்கும்.

என் பெயர் டமாலி நன்யோங்கா. கம்பாலாவில், டாக்ஸி ஸ்டாண்டுக்கு மேலே ஏறும் சரிவில், ஹஜ்ஜத் அம்மாவின் ஜவுளிக்கடையில் மூத்த விற்பனைப் பெண். எங்களிடம் கொமெசிதான் அதிகம் போகும். தோள் கூராக நிமிர்ந்திருக்க, இடுப்பில் அகலக் கச்சை கட்டுவார்களே, அந்த உடுப்பு. உங்கள் மனைவியும் எங்களிடம்தான் எடுத்திருப்பார். பெண் கேட்டுப் போகும் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அம்மாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று என்று எடுப்பார்கள். அத்தைக்கு எடுப்பதில் கவனமாக இருக்க வேண்டும். அத்தை தலையசைக்காமல் எந்தப் பெண்ணும் வாசல் தாண்டியதில்லை.

பத்தொன்பது வருடம் ஆகிறது. இதுவரை ஒரு புகார்கூட ஹஜ்ஜத் அம்மாவின் காதுக்குப் போனதில்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

ஸ்டூலில் உட்கார வைத்த பிறகு, நான் அவர் முன்னால் மண்டியிடுவேன். எங்கள் பெண்களுக்கு அது பழக்கம்தான். ஆனால் கடையில் அதற்கு வேறொரு பலன் உண்டு. காலடியில் ஒரு பெண் இருக்கும்போது, எந்த மனிதனும் தன்னைப் பெருந்தன்மையானவன் என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறான். அந்த நேரம் பார்த்து ஒரு சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தால் போதும். கிழிந்த துணியோடு வந்தவர் இன்னொரு துணியும் வாங்கிக்கொண்டு போவார்.

லமுனுவுக்கு மட்டும் இது வரவில்லை. வடக்கே குலுவிலிருந்து வந்தவள். உயரமான பெண், கை சுத்தம், கணக்கு சுத்தம். முழங்கால் மட்டும் தரையில் படாது. சேர்ந்த புதிதில் ஒருநாள் கேட்டேன்.

"கொஞ்சம் மண்டி போட்டா என்னடி? முட்டி தேஞ்சா போயிடும்?"

"எங்கம்மாவ மண்டி போட வெச்சவன் கையில துப்பாக்கி இருந்துச்சுக்கா. துணி வாங்க வர்றவனுக்கும் போடணுமா?"

அதன் பிறகு நான் கேட்கவில்லை. அவளிடம் யாராவது குரலை உயர்த்தினால் நானே ஓடிப்போய் அவளுக்கும் சேர்த்து மண்டியிட்டேன். கூட வேலை செய்கிறவர்களைத் தாங்குவது என்றால் இதுதான். மதியம் என் தட்டிலிருந்து வேகவைத்த வாழைக்காயைப் பாதி எடுத்து அவள் தட்டில் வைப்பேன். வேண்டாம் என்பாள். வைப்பேன்.

இப்போது லுபோவா என்கிற அந்த வாடிக்கையாளர்.

அவர் முதல் தடவை புகாரோடு வந்தது ஒரு திங்கட்கிழமை. கையில் எங்கள் கடையின் பச்சை கொமெசி. வந்த வேகத்தில் அதைச் சுருட்டி லமுனுவின் முகத்தில் எறிந்தார்.

"கண்ணு தெரியுதா உனக்கு? கச்சையப் பிரிச்சுப் பாரு."

கச்சையின் உள்மடிப்பில் கருகல் இருந்தது. இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பதிந்த அச்சு. பெண் வீட்டில் ஊர் முழுக்கக் கூடியிருக்க, கொண்டுபோன சீரைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். அத்தை கச்சையை உயர்த்திப் பிடித்து, "மாப்பிள்ளை அடுப்புல போட்ட துணிய எடுத்துட்டு வந்திருக்காரு. நாளைக்கு எங்க பொண்ணையும் இப்படித்தான் வெச்சிருப்பாரா?" என்றாராம். சிரித்திருக்கிறார்கள். பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. சீரோடு போன ஆடுகளையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"யார் இஸ்திரி போட்டது?" என்று லுபோவா கேட்டார்.

நான் லமுனுவைப் பார்த்தேன். லமுனு என்னைப் பார்த்தாள். பிறகு, "நான்தான்" என்றாள்.

அவர் கையை ஓங்கினார். அடிக்கவில்லை. நான் அதற்குள் இருவருக்கும் நடுவில் போய் மண்டியிட்டுவிட்டேன். ஸ்டூல், சோடா, எல்லாம் நடந்தது. புதிய கொமெசி தருகிறோம், சனிக்கிழமை வாருங்கள் என்று அனுப்பி வைத்தேன். வாசலில் பைக் டாக்ஸி ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த சலோங்கோ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். இரட்டைப் பிள்ளை பெற்றவன் என்பதால் ஊரே அவனை அப்படித்தான் கூப்பிடும். அந்த ஸ்டாண்டுக்கு அவன்தான் தலைவன்.

"டமாலிக்கா, நீங்க மண்டி போட்டா முதலைகூட வாயை மூடிக்கும் போலயே. என் பொண்டாட்டிக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

"நீ முதல்ல அவளுக்கு ஒரு கொமெசி வாங்கிக் குடு. அப்புறம் பேசு."

அவன் ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். நல்ல பையன்கள். பெட்ரோல் விலையையும் போலீஸையும் தவிர வேறு பேச்சு கிடையாது. போலீஸ்காரர் முன்னாலேயே சொல்கிறேன், மன்னிக்கவும். ஆனால் அந்தப் பையன்களைப் பற்றி நான் ஒன்று சொல்லியாக வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம், பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் சரிவில் ஓடினான். யாரோ, "திருடன், பிடி" என்றார்கள். ஸ்டாண்ட் மொத்தமும் எழுந்தது. நான் துணி மடித்துக்கொண்டே பார்த்தேன். முடிந்த பிறகுதான் தெரிந்தது, அவன் மசாகா போகும் வேனைப் பிடிக்க ஓடியவன் என்று. பையில் அவன் சட்டைகள்தான் இருந்தன. போலீஸ் வந்தது. எல்லாரும் அடித்தார்கள், அதனால் யாருமே அடிக்கவில்லை. எனக்கு இன்னொன்றும் உறைத்தது. முதலில் கத்தியது யார் என்று யாருமே கேட்கவில்லை.

சனிக்கிழமை லுபோவா வந்தார். கத்தவில்லை. காகிதத்தில் பொதிந்த சுட்ட வாழைப்பழம் வாங்கி வந்திருந்தார். நேராக லமுனுவிடம் போனார்.

"அன்னிக்கு மூஞ்சில எறிஞ்சது தப்பு. எங்கம்மா கேட்டா என்னைய வெளுத்துடுவாங்க. மனசுல வெச்சுக்காதே."

"பரவால்லை. பழத்த எறியாம கையில குடுத்தீங்களே, அதுவே போதும்" என்றாள் லமுனு. இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கல்லாவில் இருந்தேன். தணிந்த குரலில் வெகுநேரம் பேசினார்கள்.

பிறகு அவர் என்னிடம் வந்தார். நான் ஸ்டூலைக் காட்டினேன். உட்காரவில்லை. மண்டியிடப் போனேன். என் முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டார்.

"வேணாம்க்கா. எனக்கு எல்லாம் தெரியும். அந்தப் பொண்ணு இஸ்திரிப் பெட்டியத் தொடவே இல்லையாமே. நீங்க போட்டது, உங்களுக்காகத் தலையக் குடுத்திருக்கு. உங்கமேல எனக்குக் கோபம் இல்ல. கை தவறுறது யாருக்கும் நடக்கும். ஆனா ஹஜ்ஜத் அம்மாகிட்ட உள்ளதச் சொல்லிடுவோம். அவங்க வந்து பொண்ணு வீட்டுல ஒரு வார்த்தை சொன்னா அத்தை இறங்கி வந்துடுவாங்க. இந்தப் பொண்ணுக்கும் கெட்ட பேர் போயிடும்."

ஆமாம், இஸ்திரி போட்டது நான்தான். அது இங்கே முக்கியமில்லை. ஒரு கைத்தவறு. மடிப்பை உள்ளே திருப்பினால் வெளியே தெரியாது. முக்கியமானது வேறு. கத்துகிறவரைக் கையாள எனக்குத் தெரியும். எறிகிறவரை, அழுகிறவரை, கெட்ட வார்த்தை பேசுகிறவரைக் கையாளத் தெரியும். தணிந்த குரலில் நியாயம் பேசிக்கொண்டு, சிரித்த முகத்தோடு என்னைத் தூக்கி நிறுத்துகிறவரை என்ன செய்வது? இந்தத் தொழிலில் நான் பார்த்த மிகக் கஷ்டமான வாடிக்கையாளர் அவர்தான்.

அலமாரியில் இருந்ததிலேயே விலை கூடிய ஊதாப் பட்டு கொமெசியை எடுத்தேன். பையில் போடவில்லை. ரசீதும் போடவில்லை. அவர் கையில் வைத்தேன்.

"நீங்க சொல்றதுதான் சரி. ஹஜ்ஜத் அம்மா இப்பத்தான் காருக்குப் போறாங்க. சரிவுக்குக் கீழே, வெள்ளைக் கார். இதையும் காட்டி விஷயத்தச் சொல்லுங்க. வேகமா ஓடுங்க, கிளம்பிடுவாங்க."

ஹஜ்ஜத் அம்மா அன்று ஊரிலேயே இல்லை.

அவர் ஓடினார். நல்ல மனிதர்கள் சொன்னதை உடனே செய்துவிடுகிறார்கள். பட்டின் ஒரு முனை அவர் தோளுக்குப் பின்னால் பறந்தது. நான் வாசலுக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பாடுகிறவள் நான். என் குரல் சரிவின் அடிவரை போகும்.

"திருடன். பிடிங்க."

இரண்டே வார்த்தை ஐயா. நான் அவரைத் தொடவில்லை.

முதலில் ஒருவன் காலை நீட்டினான். அவர் விழுந்து எழப் பார்த்தார். "ஹஜ்ஜத் அம்மா, ஹஜ்ஜத் அம்மா" என்றார். ஹெல்மெட்டால் வாயில் அடித்தார்கள். அதன் பிறகு பேச்சு இல்லை. நடைபாதைக் கல்லைப் பெயர்த்தான் ஒருவன். கல் தலையில் விழும் சத்தம் நாம் நினைப்பது போல் இருக்காது. பலாப்பழத்தைத் தரையில் போட்டால் எழுமே, அப்படி ஒரு ஈரச் சத்தம். கால்கள் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தன, படுத்தபடியே. காய்கறிக்காரி ஒருத்தி தன் முக்காலியைத் தூக்கி வந்து இரண்டு அடி அடித்துவிட்டு, மறுபடி அதில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்தாள். கடைசியில் யாரோ ஒருவன் கொமெசியை எடுத்து வந்து, "இந்தாங்கக்கா, உங்க சரக்கு" என்று மரியாதையாகக் கொடுத்தான். துவைத்தாலும் விற்க முடியாது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

கடைக்குள் ஒரு அம்மாள் நடுங்கிக்கொண்டிருந்தார். ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து சோடா கொடுத்தேன். இரண்டு உடுப்பு வாங்கினார்.

லுபோவாவின் அடக்கத்துக்கு எங்கள் கடையிலிருந்தே மரப்பட்டைத் துணி அனுப்பினேன், பிணத்தைச் சுற்ற. முதல் தரம். அதற்கு இஸ்திரி தேவையில்லை.

லமுனு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. என் தட்டிலிருந்து வைத்த வாழைக்காயைத் தொடவில்லை. அவளுக்காகத்தான் இவ்வளவும் என்று புரிய நாளாகும் என்று பொறுத்துக்கொண்டேன். அவள் முகத்தில் துணியை எறிந்தவன் அல்லவா அவன்? ஒருநாள் மடிப்பு மேசையில் எதிரெதிரே நின்றபோது சொன்னாள்.

"அக்கா, அவர் தானா ஓடலை. நீங்க ஓட வெச்சீங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நீ களைச்சுப் போயிருக்கே. ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வா."

"ஹஜ்ஜத் அம்மா வரட்டும். அவங்ககிட்ட சொல்றேன். அப்புறம் போலீஸ்ல சொல்றேன். கருக்கினது நான்னு சொன்னேன்ல, அது உங்களுக்காகச் சொன்னேன். இத உங்களுக்காக மறைக்க மாட்டேன்."

கூட வேலை செய்கிற ஒருத்தி இப்படி மனம் உடைந்து போகும்போது பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

மறுநாள் ஹஜ்ஜத் அம்மா உண்மையிலேயே வந்திருந்தார். சரக்கைப் பார்த்துவிட்டுக் காருக்கு இறங்கினார். லமுனு பின்கட்டிலிருந்து வருவதற்குள் அவர் பாதிச் சரிவில் இருந்தார். நான் ஐந்து பட்டு கொமெசிகளைக் கட்டாகக் கட்டி லமுனுவின் கையில் வைத்தேன்.

"ஹஜ்ஜத் அம்மா காருக்குப் போறாங்க. இதக் குடுத்துட்டு, சொல்ல வேண்டியதையும் சொல்லிடு. வேகமா ஓடு, கிளம்பிடுவாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். சற்று நேரம் பார்த்தாள். பிறகு கட்டைத் தலையில் வைத்தாள், வடக்கத்திப் பெண்கள் தண்ணீர்க் குடத்தை வைப்பது போல. கைகள் இரண்டையும் தொங்கவிட்டாள். வாசல் தாண்டி, நடந்தாள்.

ஓடவில்லை ஐயா. நடந்தாள்.

அது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் நான் என் வேலையைச் செய்தேன். வாசலுக்கு வந்து அதே வார்த்தையைச் சொன்னேன்.

ஸ்டாண்ட் எழுந்தது. ஆனால் தயங்கியது. அவசரக்காரன் ஒருவன் மட்டும் கல்லை வீசிவிட்டான். தாடையில் பட்டு அவள் சாய்ந்தாள். இன்னும் நாலு பேர் ஓங்கினார்கள்; காலையும் விலாவையும் மிதித்தார்கள். அதற்குள் சலோங்கோ பைக்கைக் குறுக்கே போட்டுவிட்டு அவள் மேல் கவிழ்ந்துகொண்டான்.

"டேய், நிறுத்துங்கடா. மூட்டையத் தலையில வெச்சுக்கிட்டு நடந்து போற திருடிய எவன்டா பாத்திருக்கான்? இது கடைப் பொண்ணுடா. குரல் யாரோடது? அன்னிக்கும் இதே குரல்தான்டா."

எல்லாரும் திரும்பி வாசலைப் பார்த்தார்கள். முதலில் கத்தியது யார் என்று கேட்க ஆள் வந்துவிட்டான். பத்தொன்பது வருடம் தினமும் என்னோடு கேலி பேசியவன். என் குரல் அவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

நான் மண்டியிட்டேன். ஒருவரும் உட்காரவில்லை.

லமுனு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றீர்கள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், கம்பியை எடுத்ததும் பேசுவாள் என்றீர்கள். பேசட்டும். அவள் சொல்வதற்கு முன்னால் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: லுபோவாவைக் கொன்றது என் வாய்தான், அவளைப் பிடிக்கச் சொல்லித் திறந்ததும் அதே வாய்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்று மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்டு அன்று ஓடியிருந்தால், பாவம், இத்தனை நாள் வலித்திருக்காது.