மாசற்றவன் என்று மாலை வாங்கிய கதை

நெல்மண்டியின் நெரிசலை விட்டுவிட்டு, நம் அறுப்பின் பண்டிகைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்திருக்கும் பெரியவர் நேமிராஜ் நயினார் அவர்களே! இத்தனைக்குப் பிறகும் என்னை நம்பி ஒலிபெருக்கியை ஒப்படைத்த போதகர் ஐயா அவர்களே! ராஜகிரிக் கோட்டைபோல அசையாமல் முன்வரிசையைப் பிடித்திருக்கும் மூத்தோர்களே! பிள்ளைக்குப் பாலும் பக்கத்தில் இருப்பவருக்குச் சேதியும் ஒருங்கே ஊட்டிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! பேச்சு பிடிக்காவிட்டால் பறந்துவிடலாம் என்று சைக்கிள்மேல் சாய்ந்து நிற்கும் இளங்காளைகளே! செஞ்சிக் கடைத்தெருத் தையற்காரன் ஏசுவடியானின் சிரம் தாழ்ந்த வணக்கம்!

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, "கடவுளின் முன்னே குற்றமற்ற கிறிஸ்தவன்." ஏன் சிரிக்கிறீர்கள்? சிரிப்பவர்கள் எல்லாம் போன ஆண்டு நம் ஆலயத்தில் இருந்தவர்கள். சிரிக்காதவர்கள் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் மறுபடியும் சிரித்துக்கொள்ளுங்கள்.

போன ஆண்டு, வளர்ந்த பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் ஆராதனைக்குப் பிஷப் ஐயா வருவதாக இருந்தது. சபையில் மாசற்ற வாழ்வு வாழ்கிற ஒருவருக்கு அன்று மாலை போட்டு, அவரையே பேசவும் வைக்கலாம் என்று போதகர் ஐயா சொன்னார். யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? என்னைத்தான்! நான் பீடி பிடித்தேனா? இல்லை! சாராயம் குடித்தேனா? இல்லை! சினிமாக் கொட்டகையின் நிழலிலாவது நின்றேனா? இல்லவே இல்லை! ஒரு முழத் துணியையாவது திருடினேனா?

என்னம்மா அங்கே? "என் பாவாடைத் துணியிலே மீந்தது இன்னா ஆச்சு"வா? அம்மா, அதற்குத் தனிக் கூட்டம் போடுவோம். உட்காருங்கள்.

ஆக, வெள்ளை வெளேரென்று ஒரு ஜிப்பா தைத்தேன். இரண்டு பக்கமும் ஆழமான பை வைத்தேன். பேச்சை எழுதிய காகிதத்துக்கு ஒன்று, கைதட்டலில் கண் கலங்கினால் துடைக்கும் கைக்குட்டைக்கு ஒன்று. காலையில் என் மனைவி, "ஒரு வாய் சாப்டுட்டுப் போய்யா" என்றாள். "மாசற்றவனுக்குப் பசி ஏதடி!" என்று மார் நிமிர்த்திப் புறப்பட்டேன்.

ஒன்பது மணிக்கு வரவேண்டிய பிஷப் ஐயா பத்துக்கு வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. அன்று அமாவாசை! மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்களுக்கு நடுவே அவருடைய கார் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கோ வயிறு வறண்டது, வாய் உலர்ந்தது, வாசகம் மறந்தது. ஆலய மணி அடிக்கும் நம் பெரியதம்பி என் நிலையைப் பார்த்தான். பதினாறு ஆண்டுகளாக அந்த மணிக்கயிற்றை அவனைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. அவன்தான் ஆலயத்தை ஒட்டிய சிறு அறையைத் திறந்துவிட்டான்.

"அண்ணே, உள்ள குந்திக்கினு பேச்சைப் படி. காத்து நல்லா வருது."

காற்று வந்தது. காற்றோடு வாசம் வந்தது. மூலையில் ஒரு பித்தளைத் தவலை. அதற்குள் அதிரசம்! பிஷப் ஐயாவுக்கென்று நம் தைலம்மாள் அம்மா விடிய எழுந்து சுட்ட அறுபது அதிரசம்! ருசி பார்த்தால் தப்பா என்று ஒன்று எடுத்தேன். முதலாவது சரியாகப் புரியவில்லை என்று இரண்டாவது எடுத்தேன். அதற்குப் பிறகு காரணம் கேட்க நேரமில்லை. எட்டு! எட்டை வயிற்றுக்குள் வைத்தேன். மூன்றை வலது பைக்குள் வைத்தேன். பேச்சுக்குப் பிறகு சோர்வு வருமே!

கொஞ்ச நேரத்தில் தைலம்மாளின் குரல் ஆலயத்தையே அதிர வைத்தது.

"அய்யோ, பதினொண்ணு கொறையுதே! எந்தப் பாவி தின்னான்?"

சாவி யாரிடம்? பெரியதம்பியிடம். ஊரறிய நன்றாகச் சாப்பிடுகிறவன் யார்? அவனே. போதகர் ஐயா கேட்டார், "அறையை யார் திறந்தது?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தான். நானோ என் பேச்சுக் காகிதத்தைப் பார்த்தேன்.

"நான்தான் ஐயா தொறந்தேன்" என்றான். யாருக்காக என்பதை விழுங்கிவிட்டான்.

"இனிமேல் மணிக்கயிற்றைத் தொடாதே" என்றார் போதகர் ஐயா.

அப்போதாவது நான் வாய் திறந்தேனா? திறந்தேன். அதுதான் கொடுமை! "பாவம், பசியிலே செஞ்சிட்டான். மன்னிச்சிடுங்க ஐயா" என்றேன். நான் செய்த தப்புக்கு அவனை மன்னித்தேன்! "ஏசுவடியானுக்கு எவ்வளவு பெரிய மனசு!" என்று சபையே மெச்சியது.

பன்னிரண்டு மணிக்குப் பிஷப் ஐயா வந்தார். வரவேற்க ஆலய மணி அடிக்கவில்லை. வாசற்படி ஓரத்தில் பெரியதம்பி கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அதைப் பார்த்தபோது நான் தின்ற எட்டும் நெஞ்சில் ஏறி நின்றன. ஆனாலும் மாலைக்குக் கழுத்தை நீட்டினேன்.

பேச எழுந்தேன். "மாசற்ற வாழ்வாவது..." என்று தொடங்கினேன். சுருக்கென்றது! தொடையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. வெல்லத்தைத் தேடி வந்த எறும்புகள் பைக்குள்ளே படையெடுத்திருந்தன. நெளிந்தேன், துள்ளினேன், ஒற்றைக் காலில் நின்றேன். பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது என்று முன்வரிசையில் "ஆமென்" முழங்கியது! நான் குதிக்கக் குதிக்க ஆமென் கூடியது! ஜிப்பாவிலே எண்ணெய்க் கறை பரவிக்கொண்டே போனது.

பெரியதம்பி ஒருவனுக்குத்தான் விளங்கியது. "அண்ணே, எறும்புண்ணே!" என்று ஓடி வந்து, சபைக்கு முதுகு காட்டி என்னை மறைத்துக்கொண்டு, பைக்குள் கை விட்டான். அதிரசம் தட்டுப்பட்டது. என் முகத்தைப் பார்த்தான். மூன்றையும் தன் உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு திரும்பினான். மூன்று அதிரசம் ஒரு கைக்குள் அடங்குமா?

"பாருங்க! கையிலயே வச்சினு இருக்கான் பாருங்க!" என்று கூவினார் தைலம்மாள்.

அவன் தலை குனிந்து நின்றான். என் அன்பு மக்களே, அந்த நொடியை எண்ணிப் பாருங்கள்! நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஊர் முன்னே குற்றமற்றவன், சபை முன்னே குற்றமற்றவன், பிஷப் முன்னே குற்றமற்றவன்! ஆனால் ஆண்டவர் முன்னே? கடித்த எறும்புக்கே உண்மை தெரிந்திருக்கும்போது, படைத்தவருக்கா தெரியாது?

"ஐயா, அது என் பையிலே இருந்தது. தின்னது நான்தான்" என்றேன். ஒலிபெருக்கி வேறு முன்னால் இருந்தது. கடைத்தெரு வரைக்கும் கேட்டதாம்.

"எத்தனை?" என்றார் பிஷப் ஐயா.

"எட்டு உள்ளே, மூணு வெளியே."

நான் பெரியதம்பியின் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவன் பதறிப்போனான். "எழுந்திருண்ணே, எழுந்திரு! எறும்பு என் மேல ஏறுது!" என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீ சொல்லிடுவேன்னு எனக்குத் தெரியும்ண்ணே" என்றான். எனக்கே தெரியாதே ஐயா! என்னைப் பற்றி எனக்கே இல்லாத நம்பிக்கை அவனுக்கு எங்கிருந்து வந்தது? போதகர் ஐயாவும் இறங்கி வந்து, "நானும் அவசரப்பட்டேன், பொறுத்துக்கொள்" என்று கயிற்றை அவன் கையிலே கொடுத்தார். அன்று அவன் அடித்த அடியில் பஸ் ஸ்டாண்டுக்காரர்கள் தீ விபத்தோ என்று ஓடி வந்தார்கள்!

வெட்கத்தோடு மாலையைக் கழற்றப் போனேன். பிஷப் ஐயா தடுத்தார். "இருக்கட்டும் ஏசுவடியான். போட்டபோது அது உங்களுக்குப் பெரிதாக இருந்தது. இப்போதுதான் அளவு சரியாக இருக்கிறது" என்றார். அளவெடுத்தே வாழ்கிற எனக்கு, அன்று அவர் அளவெடுத்துச் சொன்னார்.

குற்றமற்றவன் என்றால் குற்றமே செய்யாதவன் என்று எண்ணியிருந்தேன். அப்படியொருவர் இருந்தார், சிலுவையிலே தொங்கவிட்டோம். மற்ற நாமெல்லாம் யார்? மறைக்கிறவர்கள், மழுப்புகிறவர்கள், மாட்டிக்கொண்டால் மற்றவனைக் காட்டுகிறவர்கள்! நம்மைத்தான் அவர் மன்னிக்கிறார். மன்னித்து, மாசில்லாதவன் என்று பெயரும் சொல்லி அழைக்கிறார். அந்தப் பெயரை உழைத்து வாங்க முடியாது, உறவுகளே! கையேந்தித்தான் வாங்க முடியும். நம் தப்பை இன்னொருவன் சுமந்து நிற்கும்போது, எந்த முகத்தோடு கையேந்துவது?

இந்தப் பந்தலிலே யாரோ ஒருவர் யாரோ ஒருவரை இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். நான் முடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். எழுந்து போங்கள், போய்ச் சொல்லிவிடுங்கள்! பேச்சாளன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

ஆகா, பின்வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார்! அதோ, தாய்மார்கள் பக்கம் இரண்டு பேர் கைபிடித்து அழுகிறார்கள்! ஐயா, தூண் ஓரம் எழுந்தவரே, நீங்களும் மன்னிப்புக் கேட்கவா? டீக்கடைக்கா? பரவாயில்லை, போய் வாருங்கள்.

எழுந்து நடந்தவர்களுக்கு என் நன்றி. எழலாமா என்று இன்னும் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: நாற்காலி எங்கும் ஓடிவிடாது, போய் வாருங்கள். உங்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம்!