உப்பு மட்டும் பார்த்துச் சொல்லுங்க

நக்கோ பாமா, அந்த ஸ்டூல் வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. கதவை மட்டும் சாத்திடுங்க, புகை வெளியில போச்சுன்னா மேல் வீட்டு ராவ் காரு இருமிக்கிட்டே வந்து நிப்பார். தண்ணி லாரி நாளைக்குக் காலைலதான் வரும், வந்தா நானே உங்க பெல்லை அடிக்கறேன், போதுமா? நீங்க கேட்க வந்தது அது. நான் உங்களைப் பிடிச்சு வெச்சது வேற விஷயத்துக்கு. பத்து நிமிஷம். ஏழேகாலுக்கு எங்க வீட்டுப் படை வந்து இறங்கிடும்.

கறி சாப்பிடுவீங்கதானே? திண்டுக்கல்னு சொன்னப்பவே நெனச்சேன். இன்னிக்கு புதன்கிழமை, விரதம் கிரதம் ஒண்ணும் இல்லையே? அப்பாடா. ஒரே ஒரு துண்டு வாயில போட்டு, உப்பு எப்படி இருக்குன்னு சொல்லணும். அவ்வளவுதான். ஆனா நெஜத்தைச் சொல்லணும், ஆன்ட்டி மனசு கஷ்டப்படுமேன்னு பார்க்கக்கூடாது. நீங்க குடிவந்து நாலு நாள்தான் ஆகுது, எங்களைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அதான் உங்களைக் கூப்பிட்டேன். ஒன்பது நாளா இந்த வீட்டுல யாரும் எனக்கு நெஜம் சொல்றதில்ல.

நானா? நான் எங்க வாயில வெக்கறது. பொறந்ததுலேர்ந்து வெச்சதில்ல. எங்க அப்பா வீடு சிகந்தராபாத்துல மூணு தலைமுறையா பூஜை புனஸ்காரம்னு இருந்த குடும்பம், பேரே கல்பகம்னு வெச்சிருக்காங்க பாருங்க. நான் போய் முதலியார் வீட்டுப் பையனைக் கட்டிக்கிட்டேன். காதல்தான், வேறென்ன. பத்தொன்பது வருஷம் ஆச்சு. வந்த புதுசுல வாங்கோ போங்கோன்னு பேசுவேன், மாமியார் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. நீ கறி சாப்பிட வேணாம், தொடக்கூட வேணாம், நான் சமைச்சுப் போட்டுடறேன்னாங்க. நல்ல மனுஷி. அவங்க போனப்புறம் யார் இருக்கா? நான்தான் இறங்கினேன். மூக்கைத் துணியால கட்டிக்கிட்டு முதல் தடவை கறி கழுவினேன். இப்போ என்னடான்னா, கசாப்புக்கடை சலீம் பாய் என் தலையைப் பார்த்ததும் கத்தியை எடுத்துடறார்.

பசந்தா தெரியுமா உங்களுக்கு? அது இந்த ஊர்ப் பழக்கம். தொடைக்கறியை எலும்பில்லாம உள்ளங்கை அகலத்துக்கு மெலிசா சீவி, கத்தி முதுகால தட்டித் தருவாங்க. இவர் வேலைக்காக ரெண்டு வருஷம் அமெரிக்கால இருந்தோம், அங்க ஸ்டீக் ஸ்டீக்னு தின்னுட்டு வந்தாங்க, இவரும் பசங்களும். திரும்பி வந்ததும் அதே வேணும்னா நான் எங்க போக? மாட்டுக்கறி மட்டும் இந்த அடுப்புல ஏறாதுன்னு கறாரா சொல்லிட்டேன். அப்போ சலீம் பாய்தான் சொன்னார், எதுக்கு இவ்வளவு கவலை அம்மா, பசந்தாவை அந்த மாதிரி போட்டுக் குடுங்கன்னு. அன்னிலேர்ந்து எங்க வீட்டு ஸ்டீக் இதுதான்.

இந்தச் சட்டியும் அங்கேயிருந்து வந்ததுதான். தூக்கிப் பாருங்க, மூணு கிலோ. ஏர்போர்ட்ல எடை கூடிப்போச்சுன்னு என் புடவை ரெண்டை வெளிய எடுத்துட்டு இதை உள்ள வெச்சார் மகராசன். அப்போ அழுகை அழுகையா வந்தது. இப்போ இது இல்லாம என் பொழப்பு ஓடாது. நான் பக்கத்து ஃபேக்டரில பர்ச்சேஸ்ல இருக்கேன், வீட்டுக்கு வரவே அஞ்சரை ஆயிடும். இவருக்கு ஆபீஸ் அந்தக் கோடியில, ஹைடெக் சிட்டி. போக ஒண்ணேமுக்கா மணி நேரம், வர ஒண்ணேமுக்கா. பொண்ணு வர்ஷினி இன்டர் ரெண்டாவது வருஷம், நம்மூர் ப்ளஸ் டூ, பையன் சரத் எட்டாவது, ரெண்டும் கோச்சிங். வர்ற வழியில இவர் ரெண்டையும் அள்ளிக்கிட்டு வருவார். எட்டு மணிக்கு அமெரிக்காக்காரன் ஃபோன்ல வந்துடுவான், அப்புறம் இவரைப் பிடிக்க முடியாது. ஆக, நாலு பேரும் ஒண்ணா உட்காருறது முக்கா மணி நேரம். அதுல நான் குழம்பு, ரசம், பொரியல்னு எங்க போறது? ஒரே சட்டி. எல்லாம் அதுலயே.

பாருங்க, இப்போ போடறேன், கொஞ்சம் தள்ளிக்கோங்க, தெறிக்கும். காலைலயே பச்சைப் பப்பாளிக்காய் அரைச்சு, மிளகு, இஞ்சி பூண்டு தடவி ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டுப் போயிடுவேன். சட்டி புகையணும், அப்பத்தான் கறி. போட்டா தொடக்கூடாது. கேளுங்க... இது தண்ணி சத்தம். சொரசொரன்னு வருது இல்ல? இது அடங்கி, எண்ணெய் சத்தம் தனியா வரும், அப்போ திருப்பணும். எனக்கு நாக்கு இல்ல, காதுதான். வாசனை கொஞ்சம் மாறும், அதையும் பார்த்துப்பேன். திருப்பி எடுத்து வெச்சுட்டு, அதே சட்டில வெங்காயம், காலைல வேகவெச்ச உருளைக்கிழங்கு, குடமிளகா, ஒரு துண்டு வெண்ணெய். மறுபடி கறியை மேல வெச்சு மூடினா அஞ்சு நிமிஷம். பன்னைப் பிளந்து அந்தச் சாறுலயே ஒத்தி எடுத்தா முடிஞ்சுது. எனக்கு ஓரமா தயிர் சாதம்.

ஆனா உப்பு இருக்கே, அது காதுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அதுக்கு இன்னொருத்தர் நாக்குதான் வேணும். முன்ன மாமியார். அப்புறம் இவங்க மூணு பேர். அய்யோ, அது என்ன கொஞ்ச நஞ்சப் பேச்சா? வர்ஷினி ஒரு துண்டைக் கடிச்சுட்டு, க்யா ஹை மம்மி, செருப்பான்னு கேட்பா. நான் தமிழ்ல கேட்டா அவ இந்தில திட்டுவா, அவன் தெலுங்குல திட்டுவான். சரத் மார்க் போடுவான், பத்துக்கு இவ்வளவுன்னு. நாலு, மூணரை. ஒரு தடவை ஏழு போட்டான், அதுதான் என் ரெக்கார்டு. உப்பு தூக்கலா இருந்தா தட்டைத் தள்ளிட்டு நூடுல்ஸ் பாக்கெட்டைத் தேடுவான். இவர் இருக்காரே, உமாசங்கர், ஒண்ணும் பேசாம எழுந்துபோய் ஊறுகாய் பாட்டிலை எடுத்துட்டு வந்து டொக்குன்னு வெப்பார். அதைவிட ஒரு திட்டு உண்டா? எத்தனை நாள் இந்த ஸ்டவ்வை அணைச்சுட்டு, எல்லாரும் போய்த் தொலைங்கன்னு பெட்ரூம் கதவைச் சாத்தியிருக்கேன் தெரியுமா. நாய்ப் பொழப்புன்னு இருக்கும்.

இருங்க, திருப்பிடறேன். ம். சரியான நேரம்.

போன வாரம் திங்கக்கிழமை என்ன ஆச்சுன்னா, கறி கருகிப்போச்சு. நெஜமாவே கருகிடுச்சு, கறுப்பு. நான் ஒரு ஃபோனுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன், செல்லையே பார்த்துட்டு நின்னுட்டேன். வேற செய்ய நேரமில்ல. சரி, இன்னிக்கு வாங்கிக் கட்டிக்கணும்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டே பரிமாறினேன். மூணு பேரும் சாப்பிட்டாங்க. சூப்பர் மம்மின்னுது அந்தப் பொண்ணு, தமிழ்ல நல்லா இருக்குன்னுது. சரத் தட்டைப் பார்த்துக்கிட்டே பத்துக்குப் பத்துன்னான்.

அன்னிலேர்ந்து தினம் பத்துதான். ஊறுகாய் பாட்டில் அலமாரியை விட்டு இறங்கல. தட்டைக் கழுவி வெக்கறாங்க. சரத் என் கால்கிட்ட வந்து உட்கார்ந்து ஹோம்வொர்க் பண்றான். நீங்களே சொல்லுங்க, இது எந்த ஊர் நியாயம்? பதிமூணு வயசுப் பையன் அம்மா சமையலை நல்லா இருக்குன்னு ஒன்பது நாள் தொடர்ந்து சொன்னா அது நல்லதுக்கா?

ஹவ், ஆமா, நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன். இப்போதான் ஆபீஸ் ஆபீஸா ஆளை அனுப்பறாங்களே, இவருக்கும் வேலை போயிடுச்சோ, அதான் எல்லாரும் அடக்க ஒடுக்கமா இருக்காங்களோன்னு. இல்ல. இவர் கூட வேலை பார்க்கற ரகுநாதன் சம்சாரம் எனக்கு சிநேகிதி, கேட்டுட்டேன். வேலை பத்திரமா இருக்கு. அப்புறம் இவரையே நேரா கேட்டேன். என்னங்க, ஏதாவது இருக்கா, என்கிட்ட சொல்லுங்கன்னு. என் கண்ணைப் பார்த்து, ஒண்ணுமில்ல கல்பு, நீ பாட்டுக்கு ஏதாவது கற்பனை பண்ணிக்காதேன்னார். பத்தொன்பது வருஷத்துல அவர் என் கண்ணைப் பார்த்து பேசினதே கிடையாது, பேப்பரைப் பார்த்துத்தான் பேசுவார். 

அப்படியும் மனசு கேக்குமா? ஒருவேளை நெஜமாவே நான் நல்லாத்தான் சமைக்கறேனோ, எனக்குத்தான் சந்தேக புத்தியோன்னு ஒரு நப்பாசை. அதுக்குத்தான் நீங்க.

இந்தாங்க. ஓரத்துல சூடு பண்ணி வெச்சிருக்கேன் பாருங்க, இது. இன்னிக்குப் போட்டது இல்ல, அது இன்னும் வேகணும். இது நேத்து செஞ்சது. ரெண்டு துண்டு தனியா எடுத்து வெச்சேன். கெட்டுப்போகல, ஃப்ரிட்ஜ்லதான் இருந்துது. சின்னதா கடிங்க போதும். ஊதிக்கிட்டு சாப்பிடுங்க.

என்ன?

துப்பிடுங்க துப்பிடுங்க, சிங்க்லயே துப்பிடுங்க. இந்தாங்க தண்ணி. பரவாயில்ல, மரியாதை எல்லாம் பார்க்காதீங்க. கொப்புளிங்க. மன்னிச்சுக்கோங்க பாமா, உங்களை இப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. அவ்வளவு மோசமா? வாயைத் திறந்து சொல்லுங்க, எனக்கு யாராவது ஒருத்தர் வாயால சொல்லிக் கேக்கணும். வாயில வெக்க முடியலையா? கடல் தண்ணி மாதிரியா?

ம். சரி.

ஹவ், தெரிஞ்சேதான் போட்டேன். வழக்கமா ஒரு ஸ்பூன், நேத்து அஞ்சு. எண்ணிப் போட்டேன். ஆனா எனக்கு ருசி தெரியாதே, அஞ்சு ஸ்பூன் போட்டா நெஜமா எப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? உருளைக்கிழங்கு இழுத்துக்குமோ என்னவோ. நேத்து மூணு பேரும் தட்டை வழிச்சு சாப்பிட்டாங்க பாமா. ஒருத்தர் முகமும் மாறல. இவர் நல்லா இருக்கு கல்புன்னார். சரத் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டான். நாலு டம்ளர் தண்ணி குடிச்சான், இன்னிக்கு ரொம்ப வெயில் மம்மின்னான்.

நீங்க இவ்வளவு பயப்படாதீங்க. உட்காருங்க. எனக்கு இங்க, கைக்குக் கீழ, ஒரு கட்டி இருக்கு. நெல்லிக்காய் அளவுக்கு. வலி கூட இல்ல. ஊசி போட்டு சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தாங்க. அந்தத் திங்கக்கிழமைதான் ரிப்போர்ட். நீ லீவு போடாதே, நான் போய் வாங்கிட்டு வரேன்னு இவர்தான் போனார். கறி கருகின பிறகுதான் ஃபோன் வந்துது. வெறும் கொழுப்புக் கட்டி, எல்லாம் நார்மல், அடுத்த வாரம் ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்னார். ரிப்போர்ட் எங்கன்னு கேட்டா டாக்டர்கிட்டயே இருக்காம். பீரோவுல தேடினேன், அவர் லேப்டாப் பையில தேடினேன். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டா, சார்கிட்ட எல்லாம் பேசிட்டோம்மா, நீங்க தைரியமா இருங்கன்னு வெக்கறாங்க. நார்மலுக்கு எதுக்கு தைரியம்?

இவர் சொல்லாதது கூட எனக்குப் புரியுது. பயந்தாங்கொள்ளி மனுஷன், என் பிரசவத்துக்கே வெளிய நின்னு மயங்கி விழுந்தார். ஆனா பாருங்க, அந்தப் பையனுக்கு விஷயம் தெரியாம இருந்தா, நேத்து தட்டைத் தூக்கி எறிஞ்சிருப்பான். அவன்கிட்ட சொல்லியிருக்காங்க பாமா. என்கிட்ட சொல்லல.

இல்ல, இப்போ கேட்க மாட்டேன். ஆபரேஷனுக்கு முன்னாடி அவரே சொல்வார், சொல்லட்டும். எனக்குத் தெரிஞ்சுட்டுது, அது போதும். இன்னிக்கு ஒரு ஸ்பூன்தான் போட்டிருக்கேன், நல்லா சாப்பிடட்டும், நேத்து அதுங்க நாக்கு என்ன பாடுபட்டிருக்கும். அந்தப் பன்னை எடுங்க, நாலு.

லிஃப்ட் சத்தம். அவங்கதான். கண்ணைத் துடைச்சுக்கோங்க பாமா, சீக்கிரம். சரத் முன்னாடி அழுதுடாதீங்க. அவன் ஒன்பது நாளா அழாம இருக்கான்.