எட்டாம் நம்பர் செருப்பு

இல்ல சார், ஒட்டுக்கேக்கல. டெய்லி மாமல்லபுரம் பீச்சுல ஒரு மணி நேரம் நடக்கறேன்னு போன்ல சொன்னீங்களா, பஸ்ஸுல பக்கத்து சீட்டுல கீறேன், அது தானா காதுல வுழுந்துச்சு. ஆமா, உங்க செருப்பு எட்டாம் நம்பரா? அட, நமக்கும் எட்டு!

சிரிக்காதீங்க. பேரு நூர்முகமது, கழுக்குன்றத்துல பாத்திரக்கடை. என் பொண்ணு ஃபைஸா காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணுது. இந்தப் பையில கீது பாருங்க, அது செஞ்ச செருப்பு. அமுக்கிப் பாருங்க, மெத்துன்னு கீதா? ரப்பர் கூழுல சக்கரயக் கொட்டி, காஞ்சதும் சுடுதண்ணில போட்டா சக்கர கரைஞ்சு ஓடிரும். ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையா நிக்கும். பேட்டரியே கெடையாது. மிதிக்கிற மிதியில கரண்ட்டு வரும், எத்தன அடி நடந்தோம்னு போனுக்குச் சொல்லிடும். என்ன மாதிரி சக்கர வியாதிக்காரனுக்கு சக்கரயில செருப்பு! வூட்டுல டப்பா காலியாவறதப் பாத்து, நான்தான் தின்னுட்டேன்னு என் சம்சாரம் சம்சாத் ஒரு மாசம் பேஜார் பண்ணிட்டா. பாதி நான்தான் தின்னேன், அது வேற.

‘அத்தா, ஒரு வாரம் போட்டு நடங்க’ன்னு ஃபைஸா எங்கிட்ட குடுத்துச்சு. வெள்ளிக்கிழம இதுல பதிஞ்சத அதோட காலேஜ் கைடு சியாமளா மேடத்துக்குக் காட்டணும். நான் இன்னா பண்ணேன், பக்கத்துக் கடை அம்பி தெனம் கோயிலுக்கு மலையேறுறவரு, அவருக்கு மாட்டி வுட்டேன். ஐந்நூறு படிக்கு மேல கீது, ஒரே நாள்ல முடிச்சிரலாம்னு. சாயங்காலம் பாத்தா சைபர்! மனுசன் அடிவாரத்துலயே கழட்டி வச்சிட்டு வெறுங்கால்ல ஏறிட்டாரு. நானும் பள்ளிவாசல் வாசல்ல செருப்பு வுடற ஆளுதான், புத்தியில ஏறல பாருங்க.

நீங்க ரெண்டு நாளு போட்டுக்கினு நடந்தா போதும்.

நானே நடக்கலாமேன்னு கேக்கறீங்களா? நடக்கலாம். ஆனா இது அடிய மட்டும் எண்ணாது சார், கால் எங்க அழுந்துது, எங்க அழுந்தலன்னு படமே போட்டுடும். எனக்கு எடது கால்ல ரெண்டு மாசமா ஒணர்ச்சி கெடையாது. போன மாசம் ஆணி ஏறினதே தெர்ல. தரையில ரத்தத்தப் பாத்துட்டு சம்சாத் பூனையத் திட்டுனா, நானும் கூடச் சேர்ந்து திட்டுனேன். ஃபைஸாவுக்குத் தெரிஞ்சா படிப்ப வுட்டுட்டு ஆஸ்பத்திரில வந்து உக்காந்துக்கும்.

இன்னா சார், குனியறீங்க? பஸ்ஸுல எல்லாரும் பாக்கறாங்க. அட, உங்களுக்குன்னு குடுத்தா, என் கால்லயே மாட்டி வுடறீங்களே!